பீச்சாங்கைத் துப்பாக்கி

ஃபூரி மூன்றைக் கண்ணாடி மேசைமேல் கிடத்தினார்.
முதலாவது இத்தாலி. வாயு தள்ளி ஓடுவது.
உதை மெத்தென்று இருக்கும்,
ஆனால் இருநூறு தோட்டாவுக்குள்
சிம்னிபோலக் கரி அப்பும்.
இரண்டாவதும் இத்தாலி.
தன் உதையைத் தின்றே தன்னை நிரப்பிக்கொள்ளும்.
சுத்தம்தான்; தின்றது போக மிச்சம் தோளுக்கு.
விலைச்சீட்டைத் திருப்பினேன்.
என் காரை விற்றால் முக்கால் துப்பாக்கி வரும்.

இரண்டையும் இடத்தோளில் ஏற்றிப் பார்த்தேன்.
இரண்டும் வெற்றுக்கூட்டை
என் மூக்குக்குக் குறுக்கே எறியும்.

மூன்றாவது துருக்கி.
வாய் இடப்பக்கம்.
"இரண்டு வருஷமாய் இங்கேயே நிற்கிறது,
மாரிட்ஸ்பர்க்கில் ஒருவருக்கும் வேண்டாம்."
இடக்குப் பிடித்தது என்றேன்.
ஃபூரிக்குத் தமிழ் தெரியாது, நான் மட்டும் சிரித்தேன்.

கோயிலில் பூசாரி
திருநீற்றை அந்தரத்தில் நிறுத்தி
நான் கை மாற்றும்வரை காத்திருப்பார்.
பீச்சாங்கை.
இந்தக் கையால்தான் பத்தொன்பது வருஷமாக
நார்த்டேல் கிழடுகளுக்கெல்லாம் பல்செட் செய்கிறேன்.
அந்தப் பல்லால் பூசாரியும் முறுக்குத் தின்கிறார்.

பணம் கட்டியாயிற்று. துப்பாக்கி வீட்டுக்கு வராது.
போலீஸ் நிலையத்தில் படிவம்:
இந்த ஆயுதம் உமக்கு ஏன் தேவை?
கிளப் பெயர், உறுப்பினர் எண்,
மாதம் இரண்டு போட்டி என்று எழுதினேன்.
மணி அடித்ததும்
என் தலைக்குள் ஒருத்தரும் பேசுவதில்லை
என்பதை எழுதவில்லை.
அதற்கு அங்கே கட்டம் இல்லை.

ஏழு மாதம்.
கரண்ட் இல்லை, சிஸ்டம் இல்லை,
கையெழுத்துப் போடுபவர் லீவு.
சனிக்கிழமைகளில் ஃபூரியின் பெட்டகத்துக்குப் போனேன்,
மனுப் போட்டு ஜெயிலில் ஆள் பார்ப்பதுபோல.

அந்த மாதங்களில்தான் அளவெடுத்தார்,
முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரல்வரை.
அடிக்கட்டையில் ஒரு விரற்கடை அறுத்தார்.
அப்படியும் கன்னம் எங்கோ இடித்தது.
பல்செட்டென்றால் நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி
உயர்ந்த இடத்தைத் தேய்ப்போம்.
உதட்டுச்சாயத்தைக் கன்னத்தில் அப்பிக்கொண்டு
துப்பாக்கியை ஏற்றினேன்.
கட்டையில் சிவப்பாய் ஒரு மச்சம்.
ஃபூரி என்னையும் அதையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு
அரத்தை எடுத்தார்.
விசையை இளக்கட்டுமா என்றார்.
வேண்டாம்.
என் விரலுக்கு ஏற்கெனவே அவசரம்,
அதுவாவது கொஞ்சம் யோசிக்கட்டும்.

லைசென்ஸ் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.
முதல் பயிற்சியிலேயே தோட்டா திணிக்கையில்
வாய்விளிம்பு கடித்தது,
வலது கட்டைவிரலை,
பூசாரிக்குப் பிடித்த கையை.
நகம் பாதி போயிற்று.

இரவு லேபில் சின்னச் சக்கரம் சுற்றியது.
தேவந்திரன் எட்டிப் பார்த்து,
இந்நேரத்தில் யாருக்குப் பல் கட்டுகிறாய் என்றான்.
கட்டவில்லை, பிடுங்குகிறேன் என்றேன்.
விளிம்பைச் சரித்து, படிக்கல் பொடி போட்டு,
கம்பளிச் சக்கரத்தில் மெருகேற்றி,
நாக்கால் தடவாத குறையாகப் பார்த்தேன்.
கடிக்கக் கூடாது என்று
நான் செய்த முதல் வாய்.

ஜூன் ஞாயிறு. புல்லெல்லாம் உறைபனி.
பத்து இரும்புத் தட்டு, ஆறு களிமண் வட்டு.
மணி.
என் வெற்றுக்கூடுகள் இடப்பக்கம் பறந்து
நேரம் குறிப்பவர் தொப்பியில் விழுந்தன, ஒன்று காபியில்.
பதினோரு வருஷமாக அவர் நின்ற பத்திரமான இடம் அது.
ஒன்பதாவது தட்டு ஆடியது. விழவில்லை.
நின்று பார்த்தேன், பார்க்கக் கூடாது, பார்த்தேன்.
இருபத்திரண்டு பேரில் பதினாலாவது.

காபியைக் கொட்டிவிட்டு அவர் சீட்டை நீட்டினார்.
எந்தக் கையால் வாங்கினேன் என்பது
காரில் ஏறியபின்தான் உறைத்தது.

பாதை நெடுக அந்தத் தட்டு
ஆடிக்கொண்டே வந்தது.
சோக்கை ஒரு படி இறுக்கச் சொல்ல வேண்டும்.
நாளைக்கு ஃபூரி கடை எட்டுக்குத் திறக்கும்.